சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் சுமையை எதில் வைப்பது?

அரியாங்குப்பத்திலிருந்து புதுச்சேரி டவுனில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு 14 வருஷமாக சைக்கிளில் போய் வருகிறேன். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. முருங்கப்பாக்கம் பாலத்து ஏற்றம், நைனார்மண்டபத்து நெரிசல், மரப்பாலம் சந்திப்பு, ஏஎஃப்டி மில் பக்கத்து ரயில்வே கேட் என்று கடலூர் சாலை முழுக்க எனக்கு மனப்பாடம். தமிழாசிரியை என்பதால் நோட்டுக்கட்டு தூக்காத வாரம் கிடையாது.

போன மாதம் அக்கா மகள் உப்பளம் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வீடு தவளக்குப்பம். கியர் சைக்கிள் ஒன்று வாங்கி வந்து நிறுத்திவிட்டு, "சித்தி, எந்தப் பை வாங்கறது?" என்று கேட்டாள். நான் உள்ளே போய்த் தராசை எடுத்து வந்தேன்.

பை வாங்குகிற எல்லோரும் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். ஒரு நாள் கொண்டுபோகிற எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். என் கணக்கைச் சொல்கிறேன். சாப்பாட்டு டப்பா ஒன்றேகால் கிலோ. தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் பாட்டில் ஒன்றேகால். கைப்பை முக்கால். குடை, பாடப்புத்தகம், கண்ணாடிப் பெட்டி எல்லாம் சேர்த்து இன்னொரு முக்கால். ஆக, சாதாரண நாளில் நாலு கிலோ. நோட்டுத் திருத்தும் நாளில் 192 பக்க நோட்டு 38 கூடச் சேரும். அது மட்டும் ஒன்பதரை கிலோ. பதின்மூன்றரை கிலோவுக்கும் நாலு கிலோவுக்கும் ஒரே பை சரிப்படாது. இது தெரியாமல்தான் முதல் இரண்டு வருஷம் தோள்வலியோடு அலைந்தேன்.

அக்கா மகளுக்கு லேப்டாப், சார்ஜர், சாப்பாடு, தண்ணீர், மாற்று உடை ஒரு செட். ஐந்தரை கிலோ வந்தது. "இவ்வளவா!" என்றாள்.

எதில் வைப்பது என்பதற்கு முன்னால் எதில் வைக்கவே கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹேண்டில்பாரில் பை மாட்டாதீர்கள். மார்க்கெட்டுக்குப் போய் வரும்போது மஞ்சப் பையைச் சட்டென்று அங்கே மாட்டுவது நம் எல்லோருக்கும் பழக்கம். வேகம் எடுத்ததும் பை ஊசலாடும். அது ஒரு பக்கம் இழுக்க, ஹேண்டில்பார் அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும். அதைவிட மோசம், ஆடுகிற பை முன்சக்கரத்துக்குள் போவது. முருங்கப்பாக்கம் பாலத்தில் இறங்கும்போது எனக்கு அதுதான் நடந்தது. துணிப்பையின் காது ஸ்போக்ஸ் கம்பியில் சுற்றி, முன்சக்கரம் நின்ற இடத்தில் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. இடது மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு. பின்னால் வந்த வேன்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தேன். கால் கிலோ வெண்டைக்காய் என்றாலும் ஹேண்டில்பாரில் வேண்டாம்.

அடுத்தது முதுகுப் பை. இளைஞர்கள் எல்லோரும் இதைத்தான் மாட்டுகிறார்கள். அக்கா மகளும், "பேசாம இதையே மாட்டிக்கிறேனே சித்தி" என்றாள். முதுகுப் பை கெட்டது என்று சொல்ல மாட்டேன். சைக்கிளை நிறுத்தியதும் இறங்கி நடக்கலாம், மறந்து விட்டுவர வாய்ப்பில்லை. ஆனால் நம் ஊர்க் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று யோசியுங்கள். மே மாதம் காலை எட்டரை மணிக்கு மரப்பாலம் சிக்னலில் நிற்கிறவரின் முதுகு எப்படி இருக்கும்? பை ஒட்டிய இடம் மட்டும் சதுரமாக நனைந்து, சட்டையில் உப்புப் பூத்துவிடும். பருத்திச் சேலை என்றால் மடிப்பு கசங்கி நாள் முழுக்க அப்படியே கிடக்கும். முதுகின் மேல் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் இடுப்பு வழியாக சீட்டுக்குத்தான் இறங்குகிறது. உட்காரும் இடம் சீக்கிரம் நோகும். இரண்டு மூன்று கிலோவுக்குள் என்றால் முதுகுப் பை போதும். அதற்கு மேல் என்றால் சைக்கிள் சுமக்கட்டும். மாட்டுவதாக இருந்தால் நெஞ்சுக்குக் குறுக்கே போடும் பட்டை உள்ள பையாகப் பாருங்கள். அது இல்லாவிட்டால், எழுந்து நின்று மிதிக்கும்போது பை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் சரியும்.

ஒற்றைப் பட்டை ஜோல்னாப் பையை நான் சிபாரிசு செய்வதில்லை. குனிந்ததும் முன்னால் வந்து முழங்காலில் இடிக்கும்.

உடம்பில் சுமப்பதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. சைக்கிள் கேரியருக்கு ஸ்பிரிங்கும் கிடையாது, மெத்தையும் கிடையாது. குழியில் விழும் அடி அப்படியே பொருளுக்குப் போகும். நம் உடம்பு அப்படி இல்லை. முழங்கையும் முழங்காலும் இடுப்பும் அந்த அடியைப் பாதி வாங்கிக்கொள்ளும். ஒரு நவராத்திரிக்கு வில்லியனூரிலிருந்து இரண்டு சுடுமண் பொம்மை வாங்கி வந்தேன். வைக்கோல் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, கேரியரில் இறுகக் கட்டியிருந்தேன். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டியபோது ஒரே ஒரு 'டக்'. வீட்டில் பிரித்தால் பொம்மையின் கழுத்து தனியாகக் கிடந்தது. மறு வருஷம் அதே மாதிரிப் பொம்மையைப் பழைய சேலையில் சுற்றி, குழந்தையைக் கட்டுவது போல நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மெதுவாக வந்தேன். ஒரு கீறல் இல்லை. முட்டை, கண்ணாடி, பொம்மை இதெல்லாம் உடம்புக்கு. நோட்டு, சாப்பாடு, துணி, தண்ணீர் எல்லாம் சைக்கிளுக்கு.

இனி கேரியர். நம் ஊர்ப் பழைய சைக்கிள்களில் கேட்காமலே வரும். புது கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் வராது. மட்கார்டுகூடத் தனியாகத்தான் வாங்க வேண்டும். அக்கா மகள் வாங்கியதும் அப்படித்தான். வாங்குவதற்கு முன்பே பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருகு ஓட்டையும், சீட்டுக்குக் கீழே இரண்டு ஓட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாலு இடத்தில் திருகுகிற கேரியர் போடலாம். டிஸ்க் பிரேக் இருந்தால் கேரியரின் இடது கால் அதில் இடிக்கிறதா என்று கடையிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள். ஓட்டையே இல்லாத சைக்கிளுக்கு சீட்டுக் குழாயில் மட்டும் கவ்வுகிற கேரியர் விற்கிறார்கள். அது தரையை நோக்கிக் கால் இல்லாமல் அந்தரத்தில் நிற்பது. ஒன்பது, பத்துக் கிலோ அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நாளாக நாளாகக் கவ்வு தளர்ந்து பக்கவாட்டில் திரும்பவும் செய்யும். நாலு இடத்தில் திருகிய கேரியரில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும். 25 கிலோ என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

நம் பக்கம் கடல் காற்று. சாதாரண இரும்புக் கேரியர் ஒரே மழைக்காலத்தில் பெயின்ட் உரிந்து துருவேறிவிடும். முதலில் துரு பிடிப்பது திருகும் கிளிப்பின் ஸ்பிரிங்கும்தான். திருகை மட்டும் எவர்சில்வருக்கு மாற்றிக்கொண்டால் வருஷக்கணக்கில் வரும். மாதம் ஒருமுறை ஸ்பிரிங்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறேன். 8, 10 நம்பர் ஸ்பானரால் திருகுகளை ஒரு தடவை இறுக்கிப் பார்க்கிறேன். ஆட்டத்தில் அவை தானாகத் தளரும். கேரியரைக் கையால் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் ஏதோ ஒரு திருகு கழன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கேரியர் மேலே பொருளைக் கட்டுவதில் இரண்டு விஷயம். கிளிப்பை மட்டும் நம்பாதீர்கள். வழவழப்பான அட்டை போட்ட நோட்டுகள் கிளிப்புக்கு அடியிலிருந்து ஒன்றொன்றாக நழுவும். பஞ்சர் கடையில் பழைய டியூப் கேட்டால் தருவார்கள். விரல் அகலத்தில் நீளமாக வெட்டிக்கொண்டால் அதைவிட நல்ல கயிறு கிடையாது. ரப்பர் என்பதால் நோட்டோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்துக் கட்டினால் தளராது. கடையில் விற்கும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறும் சரிதான். ஆனால் அந்தக் கொக்கி கைநழுவினால் நேராக முகத்துக்கு வரும், கண்ணைத் தள்ளி வைத்து மாட்டுங்கள். எதைக் கட்டினாலும் முனையைத் தொங்க விடாதீர்கள், சக்கரம் இழுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, லேப்டாப்பை ஒருபோதும் கிளிப்புக்கு அடியில் படுக்க வைக்காதீர்கள். ஸ்பிரிங்கின் அழுத்தம் ஒரே இடத்தில் விழும். ஒவ்வொரு குழிக்கும் கேரியர் கீழிருந்து குத்தும், கிளிப்பு மேலிருந்து குத்தும், நடுவில் திரை என்ன ஆகும்? லேப்டாப்பை நிமிர்த்தி, தடித்த ஃபோம் உறையில் போட்டு, கீழே மடித்த துண்டு ஒன்று வைத்து, கேரியரின் பக்கத்தில் தொங்குகிற பையில் வைக்க வேண்டும். அந்தப் பையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முன்கூடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்கள் சைக்கிளில் அது மிகவும் வசதி. கைப்பை, குடை, சாவி எல்லாம் கண் முன்னால் இருக்கும். மூன்று நாலு கிலோவுக்கு மேல் போகாதீர்கள். ஹேண்டில்பார் கனத்துவிடும், வளைவில் தெரியும். சாப்பாட்டு டப்பாவை நிமிர்த்தி வைக்க இடம் இருந்தால் மட்டும் கூடையில் வையுங்கள். சாய்ந்தால் சாம்பார் நிச்சயம் வெளியே வரும். நான் சாதத்தைத் தனியாகவும், குழம்பை ரப்பர் வாஷர் வைத்த திருகு மூடி டப்பாவிலும் எடுத்துப்போகிறேன். கைப்பையின் காதை கூடைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டுங்கள். பக்கத்தில் பைக்கில் வந்து பறிப்பவன் கைக்கு அது சுலபமாக வராது.

இப்போது நான் ரொம்பவும் நம்புகிற விஷயத்துக்கு வருகிறேன். கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற பை. ஆன்லைனில் பேனியர் என்ற பெயரில் விற்கிறார்கள். பார்த்தால் புதுசு போலத் தெரியும், ஆனால் நம் பால்காரர்கள் எத்தனையோ காலமாகச் செய்துவருவதுதான். கேரியருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேனைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, பால் தளும்பாமல் எத்தனை தெரு சுற்றுகிறார்கள்! பாரம் கீழே, சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில் போய்விடுவதால் சைக்கிள் ஆடுவதில்லை. ஒன்பதரை கிலோ நோட்டைக் கேரியர் மேல் அடுக்கிக் கட்டி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், மறுநாள் அதையே இரண்டு பக்கமும் பிரித்துத் தொங்கவிட்டு ஓட்டுங்கள். திருப்பத்தில் வித்தியாசம் தெரியும்.

விலைக்கு வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். நான் தைக்கக் கொடுத்தேன். 25 கிலோ அரிசி வந்த வெள்ளைச் சாக்கு வீட்டில் சேர்ந்திருந்தது. ஒரு பைக்கு இரண்டு சாக்கு, ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டையாக. உயரம் 14 அங்குலம், அகலம் 12, தடிமன் 5. நோட்டு நிமிர்ந்து நிற்கிற அளவு அது. சக்கரத்தை ஒட்டி வரும் பக்கத்தில் உள்ளே ஓர் உறை வைத்து, அதில் பழைய பரீட்சை அட்டையைச் செருகச் சொன்னேன். ஸ்டேஷனரி கடையில் கிளிப்போடு விற்பார்களே, அதே பிளாஸ்டிக் அட்டை. கிளிப்பை மட்டும் கழற்றிவிட வேண்டும். இந்த அட்டைதான் முக்கியம். அது இல்லாவிட்டால் பாரம் ஏறியதும் பையின் வயிறு உள்பக்கம் பிதுங்கி ஸ்போக்ஸில் உரசும். இரண்டு பையையும் மேலே இரண்டு அங்குல அகல நாடாவால் இணைத்தால், கேரியர் மேல் பொதிபோல் போட்டுவிடலாம். ஒவ்வொரு பையின் அடியிலும் ஒரு சின்ன நாடா தைத்து, அதைக் கேரியரின் காலோடு கட்ட வேண்டும். அதைக் கட்டாவிட்டால் வேகத்தில் பை இறக்கை மாதிரி அடிக்கும். சாதாரணத் தையல் மெஷினில் ஊசி முறிந்தது. கடைசியில் சூட்கேஸ் ரிப்பேர் செய்கிறவர் தடித்த நூலில் தைத்துக் கொடுத்தார், கூலி 250 ரூபாய். ஆறு வருஷம் ஆகிறது, நாடாவை மட்டும் ஒரு தடவை மாற்றியிருக்கிறேன். தைக்க நேரமில்லை என்றால் மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டில் பழைய பள்ளிப்பைகள் மலிவாகக் கிடைக்கும்; ஒரே அளவில் இரண்டு பார்த்து எடுத்து, பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மாட்டியதும் சாலைக்குப் போய்விடாதீர்கள். சீட்டில் உட்கார்ந்து பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். குதிகால் பையில் இடிக்கிறதா? இரண்டு விரல் இடைவெளி வேண்டும். இடித்தால் பையைப் பின்னால் தள்ளிக் கட்டுங்கள். அப்புறம் பின்னால் போய் நின்று பாருங்கள். சிவப்பு ரிஃப்ளெக்டரையோ விளக்கையோ பை மறைத்திருந்தால், பையின் பின்பக்கமே சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். நவம்பரில் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும், பின்னால் வருவது பஸ். சேலை, துப்பட்டா உடுத்துபவர்களுக்கு இந்தப் பை இன்னொரு உபகாரமும் செய்கிறது: முந்தானை பின்சக்கரத்துக்குள் போகாமல் தடுக்கும். ஆனாலும் முந்தானையை இடுப்பில் செருகாமல் நான் பெடலில் கால் வைப்பதில்லை.

ஒரு பை மட்டும் போதும் என்றால் இடது பக்கம் மாட்டுங்கள். வலது பக்கம் வண்டிகள் உரசிக்கொண்டு போகும், செயினின் கரியும் அந்தப் பக்கம்தான். ஆனால் ஒற்றைக்கால் ஸ்டாண்டில் சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்துதான் நிற்கும். அதே பக்கம் ஐந்து கிலோ தொங்கினால் மெல்ல மெல்லச் சரிந்து விழுந்துவிடும். சுமை தூக்குகிற சைக்கிளுக்கு இரண்டு கால் உள்ள ஸ்டாண்டு போட்டுவிடுங்கள். நிறுத்தி, நிதானமாகப் பை மாட்டலாம். டயரில் காற்றும் கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்று டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும், பின்சக்கரத்துக்கு அந்த அளவின் மேல்வரம்பை ஒட்டி அடித்துக்கொள்ளுங்கள். பாரத்தோடு பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் கொஞ்ச தூரம் ஆகும், மரப்பாலம் மாதிரி இடத்தில் முன்கூட்டியே பிடியுங்கள்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழைதான். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது ஊரே தண்ணீரில் நின்றது. அதன் பிறகு பள்ளி திறந்து, சாலையில் இன்னும் தேங்கியிருந்த தண்ணீரில் போனபோதுதான் ஒன்று புரிந்தது. வானம் வெறித்துவிட்டது, ஒரு சொட்டு மழை இல்லை, ஆனால் பை நனைந்திருந்தது. சக்கரம் வாரி இறைத்த தண்ணீர் கீழிருந்தும் உள்பக்கத்திலிருந்தும் ஏறியிருந்தது. மேலே மூடி போட்டு என்ன பயன்? பின் மட்கார்டு முழு நீளத்துக்கு இருக்க வேண்டும், அதன் முனையில் டியூப் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. சாக்கு எவ்வளவு தடித்தாலும் ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் வரும். அதனால் நோட்டுகளையும் லேப்டாப்பையும் முதலில் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இரண்டு மடிப்பு மடித்து, அதன் பிறகு சைடு பைக்குள் வைக்கிறேன். மாணவர்களின் விடைத்தாள் கட்டு என்றால் இரண்டு பிளாஸ்டிக் பை. பிள்ளைகள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதியது அது, மை கலைந்தால் யாரிடம் போய்த் திரும்ப எழுதச் சொல்வது?

அடுக்கும் முறையும் ஒன்று உண்டு. கனமானது அடியில், சக்கரத்தை ஒட்டி. தண்ணீர் பாட்டில் ஒரு பக்கம் என்றால் சாப்பாட்டு டப்பா மறு பக்கம். கையில் தூக்கிப் பார்த்து இரண்டும் ஏறக்குறைய சமம் என்று தெரிந்தால் போதும், தராசு தினமும் தேவையில்லை. தண்ணீரும் சாப்பாடும் லேப்டாப் இருக்கிற பையில் கூடவே கூடாது. பையை ரொம்பப் புடைக்க விடாதீர்கள். சாயங்காலம் தெற்கே வீடு திரும்பும்போது கடல் காற்று எதிரே வரும், அகலமான பை அதைப் பாய்மரம் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சேர்த்து அக்கா மகளுக்கு என்ன ஏற்பாடு செய்தோம் என்றால், நாலு திருகுக் கேரியர் ஒன்று, முழு மட்கார்டு, இடது பக்கம் விலைக்கு வாங்கிய பை ஒன்றில் லேப்டாப்பும் துணியும், வலது பக்கம் என் சாக்குப் பைகளில் ஒன்றைப் பிரித்துக் கொடுத்து அதில் சாப்பாடும் தண்ணீரும். முதுகில் ஒன்றும் இல்லை. முதல் வாரம் முடிந்ததும் ஃபோன் செய்தாள். அலுவலகம் போய்ச் சேரும்போது சட்டை காய்ந்திருக்கிறதாம். இடது குதிகால் மட்டும் ஏற்றத்தில் லேசாக உரசுகிறதாம். அரை அங்குலம் பின்னால் தள்ளினால் சரியாகிவிடும். சனிக்கிழமை ஸ்பானரோடு தவளக்குப்பம் போகிறேன்.